சிம்கோ ஏரிக்கு பான்டூனா, பவ்ரைடரா?

பேரிவாசி:
வணக்கம். அடுத்த கோடைக்கு ஒரு செகண்ட்ஹேண்ட் படகு வாங்கலாம் என்று இருக்கிறோம். கனடாவில், ஒன்டாரியோவின் சிம்கோ ஏரிதான், பேரி ஊர்ப் பக்கம் இறக்குவோம். வீட்டில் ஆறு பேர். அம்மாவுக்கு முழங்கால் வலி, பையன்கள் இரண்டு பேருக்கும் (10, 13 வயது) ட்யூபிங் (படகு இழுக்க, காற்றடைத்த ட்யூபில் உட்கார்ந்து போவது) போயே ஆக வேண்டும். மனைவி பான்டூன் (மிதவைக் குழாய்கள் மேல் தட்டைத் தளம் வைத்த படகு) என்கிறாள், எனக்கு பவ்ரைடர் (முன்மூக்கிலும் இருக்கை உள்ள வேகப் படகு) மேல்தான் கண். எது சரி வரும்?

துடுப்பு:
அம்மா வருவார் என்றால் பான்டூன்தான், இதில் யோசிக்க ஒன்றுமில்லை. கதவைத் திறந்து டாக்கிலிருந்து அப்படியே நடந்து ஏறலாம். பவ்ரைடரில் பக்கச்சுவரைத் தாண்டி, சீட் மேல் கால் வைத்து இறங்க வேண்டும். ஆனால் அடியில் மூன்று மிதவைக் குழாய் உள்ளதாகப் பாருங்கள். சிம்கோ 700 சதுர கி.மீ.க்கு மேல் விரிந்து கிடக்கிறது, ஆழமோ அதிகபட்சம் 41 மீட்டர்தான், அதுவும் நீங்கள் இறக்குகிற கெம்பன்ஃபெல்ட் விரிகுடாவில். மற்ற இடங்களில் இன்னும் குறைவு, அதனால் காற்று கிளம்பினால் குட்டையான, நெருக்கமான அலை சீக்கிரம் எழும்பிவிடும். இரண்டு குழாய் படகு அதில் மூக்கைக் குத்தினால் தளத்தின் மேலேயே தண்ணீர் ஏறும். மூன்று குழாயும் 115 எச்.பி.க்குக் குறையாத அவுட்போர்டும் (படகின் பின்னால் வெளியே மாட்டும் எஞ்சின்) இருந்தால் ட்யூபும் நன்றாக இழுக்கும்.

ஏரிக்காற்று:
பக்கக் காற்று அடிக்கும்போது பான்டூனை மரினாவில் கட்டிப் பாருங்கள், அப்புறம் பேசலாம் 😄 சுற்றி இருக்கிற தகரமும் மேல்துணியும் பாய்மரம் மாதிரி காற்றைப் பிடிக்கும். பவ்ரைடரின் வி வடிவ அடிப்பாகம் அலையைக் கிழித்துப் போகும், திருப்பத்தில் சாயும், பையன்கள் கேட்பது அதைத்தான். (அலை இருக்கும்போது முன்சீட்டில் ஆளை நிறைக்காதீர்கள், அங்கே விளிம்பு தாழ்வு.)

எதை வாங்கினாலும் நான் முதலில் பார்ப்பது எஞ்சினை. பழைய பவ்ரைடர்களில் பெரும்பாலும் ஸ்டெர்ன்டிரைவ்தான் (எஞ்சின் படகுக்குள், ப்ரொப்பெல்லர் பகுதி வெளியே) இருக்கும், எஞ்சின் பிளாக்கில் தண்ணீர் நின்றுவிட்டால் நம்ம ஊர்க் குளிரில் உறைந்து பிளாக்கே வெடித்துவிடும். ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் வடித்து ஆன்டிஃப்ரீஸ் விட்டிருக்க வேண்டும், ரசீது கேளுங்கள். அந்த வெளிப்பகுதி படகோடு சேரும் இடத்தை மூடும் மடிப்பு உறையான ரப்பர் பெல்லோஸையும் பாருங்கள், அது கிழிந்தால் தண்ணீர் உள்ளே வரும். அவுட்போர்டை நேராக இறக்கி நிறுத்தினால் தண்ணீர் தானே வடிந்துவிடும். அதனால் அவுட்போர்டு போட்ட பவ்ரைடர் கிடைத்தால் விடாதீர்கள்.

பேரிவாசி:
நன்றி இருவருக்கும். அம்மாவை நினைத்தால் மூன்று குழாய்க்கே மனம் சாய்கிறது. பெரியவன் ஓட்டலாமா?

துடுப்பு:
13 வயதில் தனியாக என்றால் 40 எச்.பி.க்கு மேல் கூடாது. 16 வயதோ அதற்கு மேலோ ஆன ஒருவர் படகிலேயே இருந்து நேரடியாகக் கவனித்தால் ஓட்டலாம், அவனும் ஆபரேட்டர் கார்டு (படகு ஓட்டும் தகுதி அட்டை) எடுக்க வேண்டும். அப்புறம் ட்யூப் இழுக்கும்போது ஓட்டுபவர் தவிர பின்னால் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும், ட்யூபில் இருப்பவருக்கும் படகில் இடம் இருக்க வேண்டும், இருக்கைகளை எண்ணிவிட்டு வாங்குங்கள்.