ஆவணியில் கல்யாணம், அலமாரியில் வழுக்கை மாத்திரை: போடவா, வேண்டாமா?

பாம்பன் மெக்கானிக்
வயது 28. படகு இன்ஜின் வேலை. மீன்பிடித் தடைக்காலத்தில் ஊரே ஓய்வெடுக்கும், எனக்கு மட்டும் அப்போதுதான் வேலை அதிகம். ஜூன் 14க்குள் எல்லா இன்ஜினையும் பிரித்துப் பூட்டிக் கொடுக்க வேண்டும். போன வாரம் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தேன். மேலே ஸ்பேனரோடு நின்ற பையன், “அண்ணே, நிலா தெரியுது” என்றான். என் உச்சிமண்டையைத்தான் சொல்கிறான்.

ராமநாதபுரத்தில் தோல் டாக்டரைப் பார்த்தேன். பரம்பரை வழுக்கை என்றார். ஃபினாஸ்டரைடு 1 மில்லிகிராம், தினம் ஒன்று. எத்தனை நாளைக்கு என்று கேட்டேன், “போட்டுக்கிட்டே இருக்கணும்” என்றார். அதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள். வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தால் பாதிப் பேர் ‘ஆண்மையே போய்விடும்’ என்கிறார்கள். ஆவணியில் எனக்குக் கல்யாணம். பத்து நாளாக அட்டை பிரிக்காமல் கிடக்கிறது.

ஊர்க்கிணறு
எல்லாம் நம் உப்புத் தண்ணியால் வருவது தம்பி. காவிரித் தண்ணியில் தலைக்குக் குளி, சின்ன வெங்காயச் சாறு தேய். மாத்திரையே வேண்டாம்.

பாம்பன் மெக்கானிக்
அதே தண்ணியில்தான் என் தங்கச்சியும் குளிக்கிறாள் அண்ணே. அவள் பின்னல் இடுப்பைத் தாண்டுகிறது.

தொண்டி மருந்துக்கடை
தண்ணியால் முடி வறண்டு போகலாம், உடையலாம். முன்நெற்றி ஏறி உச்சியில் வட்டம் விழுவது வேறு கதை. டெஸ்டோஸ்டிரோன் உடம்பில் டிஎச்டி என்ற ஹார்மோனாக மாறுகிறது. பரம்பரையாகவே அதைத் தாங்காத முடிவேர்களை அது கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்கிவிடும். இந்த மாத்திரை அந்த மாற்றத்தைத் தடுக்கிறது. இரத்தத்தில் டிஎச்டி ஏறக்குறைய 70% குறையும்.

இது எப்படித் தெரிய வந்தது தெரியுமா? டொமினிக்கன் குடியரசில் சில கிராமங்களில் பிறவியிலேயே இந்த மாற்றம் சரியாக நடக்காத ஆண்கள் இருந்தார்கள். அவர்களுக்கு வழுக்கையும் விழவில்லை, சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பியும் வீங்கவில்லை. அதைப் பற்றி 1974இல் கட்டுரை வந்தது. 1992இல் புராஸ்டேட் வீக்கத்துக்கு 5 மில்லிகிராம் மாத்திரை, 1997இல் வழுக்கைக்கு 1 மில்லிகிராம். சோதனையில் பாலியல் தொந்தரவு சொன்னவர்கள் 3.8%. ஒப்பிடுவதற்காக மருந்தே இல்லாத போலி மாத்திரை போட்டவர்களிலேயே 2.1% பேர் சொன்னார்கள். தாராளமாகப் போடு தம்பி.

கீழக்கரைக் காக்கா
‘தாராளமாக’ என்ற சொல்தான் எனக்கு இடிக்கிறது. துபாயில் இருந்தபோது 14 மாதம் போட்டேன். முடி நின்றது, பொய் சொல்லமாட்டேன். ஆனால் ஆசையே செத்துப்போச்சு. அதைவிட மோசம் மனசு. நோன்புப் பெருநாள் அன்று அறையில் எல்லோரும் பிரியாணி தின்கிறார்கள், நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன். நிறுத்தி இரண்டு மாதத்தில் சரியாகிவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். எல்லோருக்கும் சரியாவதில்லை. நிறுத்திய பிறகும் பாலியல் கோளாறு தொடர்ந்ததாக வந்த புகார்களை 2012இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ மருந்துக் குறிப்பிலேயே சேர்க்க வைத்தது. 2025 மே மாதம் ஐரோப்பிய மருந்து முகமை, தற்கொலை எண்ணம் இதன் பக்கவிளைவுதான் என்று உறுதி செய்தது. பிறவியிலேயே அந்த ஹார்மோன் குறைந்தவனும், 28 வயதில் அதைத் திடீரென்று அடைத்துக்கொண்டவனும் ஒன்றா?

தொண்டி மருந்துக்கடை
புகார் வருவதும் அத்தனை பேருக்கும் வருவதும் வேறு காக்கா. இத்தாலியில் புராஸ்டேட் நோயாளிகளுக்கு 5 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தார்கள், 2007இல் வந்த ஆய்வு. பக்கவிளைவு வரலாம் என்று சொல்லிக் கொடுத்தவர்களில் ஏறக்குறைய 44% பேருக்கு வந்தது. சொல்லாமல் கொடுத்தவர்களில் 15%. பயமே பாதி வேலையைச் செய்கிறது.

கீழக்கரைக் காக்கா
அப்படியென்றால் எனக்கு வந்தது மனப்பிரமையா? நான் போட ஆரம்பித்தபோது பக்கவிளைவு என்ற சொல்லையே யாரும் என்னிடம் சொல்லவில்லை. உங்கள் கணக்கின்படியே நான் அந்த 15%இல் இருக்கிறேன்.

தொண்டி மருந்துக்கடை
அது நியாயம்தான். உங்களைச் சொல்லவில்லை, மன்னிக்கணும். ‘தாராளமாக’ என்பதையும் எடுத்துவிடுகிறேன்.

மண்டபம் அக்கா
இரண்டு பேரும் பையனின் கல்யாணத்தை மறந்துவிட்டீர்கள். என் வீட்டுக்காரர் ஆறு வருஷமாகப் போடுகிறார். ஒரு தொந்தரவும் இல்லை. நடுவில் சவூதியில் மாத்திரை தீர்ந்து ஒரு வருஷம் விட்டதில், மீண்டிருந்த முடியெல்லாம் போய்விட்டது. ‘போட்டுக்கிட்டே இருக்கணும்’ என்று டாக்டர் சொன்னது சும்மா இல்லை.

தம்பி, வித்தியாசம் கண்ணுக்குத் தெரியவே குறைந்தது மூன்று மாதம், பலருக்கு ஆறு மாதத்துக்கு மேலும் ஆகும். இன்று போட்டாலும் ஆவணிக் கல்யாண ஃபோட்டோவில் அதே நிலாதான் இருக்கும். தொந்தரவு வருவதென்றால் பெரும்பாலும் முதல் சில மாதங்களில் வரும். அதாவது சரியாக உன் முதலிரவு சமயத்தில். அப்போது ஏதாவது சரியில்லை என்றால், காரணம் மாத்திரையா, பதற்றமா, இந்தத் திரியில் படித்ததா என்று நீ எப்படிக் கண்டுபிடிப்பாய்?

பாம்பன் மெக்கானிக்
அக்கா, இதை நான் யோசிக்கவே இல்லை. அப்புறம், குழந்தை?

தொண்டி மருந்துக்கடை
சிலருக்கு விந்தணு குறைந்ததாகவும், நிறுத்தியதும் தேறியதாகவும் பதிவு இருக்கிறது. குழந்தைக்கு முயற்சி செய்யும்போது டாக்டரிடம் சொல்லிவிடு. காசு மிச்சம் என்று 5 மில்லிகிராம் மாத்திரையை நாலாக வெட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், நீ அதைச் செய்யாதே. உடைந்த மாத்திரையைக் கர்ப்பிணிகள் தொடக் கூடாது, ஆண் சிசுவைப் பாதிக்கும். இரத்தம் கொடுக்கிற பழக்கம் இருந்தால், கடைசி மாத்திரை போட்டு ஒரு மாதம் கழித்துத்தான்.

கீழக்கரைக் காக்கா
ஆரம்பித்தால் வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவிட்டு ஆரம்பி தம்பி. நான் யாரிடமும் சொல்லவில்லை. முகம் மாறியதை அறையில் இருந்தவர்கள் பார்த்தார்கள், ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. மனசு இருண்டால் அன்றே நிறுத்து, டாக்டரிடம் போ.

பாம்பன் மெக்கானிக்
நேற்று அவளிடம் ஃபோனில் சொன்னேன். நாலு நொடி சத்தமே இல்லை. “பெண் பார்க்க வந்த அன்னிக்கு நீங்க குனிஞ்சு செருப்பு மாட்டும்போதே பார்த்துட்டேன்” என்றாள். போடு என்றும் சொல்லவில்லை, போடாதே என்றும் சொல்லவில்லை. கார்த்திகையில் திரும்ப டாக்டரிடம் போகலாம், தானும் வருகிறேன் என்றாள். அதுவரை அட்டை இருக்கட்டும். மாத்திரையின் காலாவதித் தேதி அடுத்த வருஷம்தான்.

கீழக்கரைக் காக்கா
நீயே போடாமல் விட்டாலும் எனக்குச் சந்தோஷம்தான்.

தொண்டி மருந்துக்கடை
எனக்கு இல்லை. உச்சி முழுக்கக் காலியான பிறகு வந்தால் மாத்திரையால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது, கார்த்திகையைத் தாண்டவிடாதே. அட்டையை இப்படித் திறந்த அலமாரியில் போடாதே, பாம்பன் காற்று. மூடியுள்ள டப்பாவில் வை.