பரணிலிருந்து இறக்கிய பழைய கணினி: யாராவது வழி சொல்லுங்களேன்

வணக்கம். பெரம்பூர் வீட்டுப் பரணில் கிடந்த அப்பாவின் கணினியை நேற்று இறக்கினேன். 2006-இல் வாங்கியது. திறந்தால் ஒரு பிடி தூசி, கூடவே இரண்டு பல்லி முட்டை ஓடுகள்.

பொத்தானை அழுத்தினால் விசிறி சுற்றுகிறது. திரை மட்டும் இருட்டு. ராம் என்ற நினைவகப் பலகையைக் கழற்றி, தங்கநிற முனைகளை அழிப்பானால் தேய்த்து மாட்டினேன். பயனில்லை. மதர்போர்டு பேட்டரி 3 வோல்ட்டுக்கு 2.1 காட்டியது; புதிய சிஆர்2032 போட்டேன். ராம் இல்லாமல் இயக்கினால் பீப் ஒலியாவது வரவேண்டும் அல்லவா? அதுவும் இல்லை. பிராசஸர் அருகே மூன்று கெபாசிட்டர்கள் (மின்தேக்கிகள்) அப்பளம்போல் உப்பியிருக்கின்றன. குற்றவாளி அவைதான் என்பது என் ஊகம்.

மின்னணுக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் ஒருவர் பார்த்த மாத்திரத்தில், "எடைக்குப் போட்டுவிடுங்கள் சார்" என்றார். போட மனமில்லை. அப்பா ஊர்க்கதைகளைப் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து வைத்தது இதில்தான் இருக்கிறது.

கெபாசிட்டர்களை மட்டும் மாற்றித் தருபவர் சென்னையில் உண்டா? இல்லையென்றால் ஹார்ட் டிஸ்க்கையாவது படிக்க வேண்டும். அது பட்டையான கேபிள் கொண்ட பழைய ஐடிஇ வகை, 80 ஜிபி. அதை யுஎஸ்பியில் இணைக்கும் மாற்றியுடன் 12 வோல்ட் தனி அடாப்டரும் தேவை என்று தெரியும். யாரிடமாவது இருந்தால் ஒருநாள் இரவல் தாருங்கள், பத்திரமாகத் திருப்பித் தருகிறேன். பாமினியை இன்றைய பொதுக் குறியாக்கமான யூனிகோடுக்கு மாற்றிப் பழகியவர்களும் சொல்லுங்கள்.