புதுப்பிப்பு: அம்மாவோட கந்தப்பளை ஹோட்டலும் பிஸ்னஸ் கிளாஸும்

போன மாசம் கேட்டிருந்தேன்ல, முழங்கால் வலி உள்ள அம்மாவ லண்டனுக்கு கூட்டிட்டு வர பிஸ்னஸ் கிளாஸ் போடலாமா, போறதுக்கு முன்னாடி ரெண்டு நாள் இலங்கையில நுவரெலியா பக்கத்து கந்தப்பளை ஹெரிட்டன்ஸ் டீ ஃபேக்டரி ஹோட்டல்ல தங்கலாமான்னு. பாதிப் பேரு காசு வீண்னு சொன்னீங்க. ரெண்டுமே செஞ்சிட்டோம், நேத்துதான் வீடு வந்து சேந்தோம்.

அந்த ஹோட்டல் முந்தி ஹெதர்செட் தோட்டத்து ஸ்டோரு, அதாவது தேயில ஃபேக்டரி, கொழுந்து வாட்டுன மாடிதான் இப்ப ரூமுங்க. எங்க தாத்தா வேற தோட்டத்துல இதே மாதிரி வாட்டுற மாடில வேல செஞ்சவரு, சின்னதுல அம்மா அவருக்கு ரொட்டி கொண்டு போயி வாசல்லயே குடுத்துட்டு வந்துருவாங்களாம், உள்ள விட மாட்டாங்க. அதே மாதிரி மாடில மெத்தையில உக்காந்து ஜன்னல் வழியா தேயிலய பாத்துட்டே இருந்தாங்க, ரொம்ப நேரம் பேசவே இல்ல. எனக்கு அந்த ஒரு சாயங்காலம் போதும். பழைய மெஷினெல்லாம் அப்பிடியே வெச்சிருக்காங்க, பேரப்புள்ளைங்களுக்கு ஒவ்வொண்ணா அம்மாதான் வெளங்கப்படுத்துனாங்க.

6,000 அடிக்கு மேல, ராவுல நல்ல குளிரு, ஸ்வெட்டர் கட்டாயம். கட்டுநாயக்க ஏர்போர்ட்டுக்கு ரோட்டுல அஞ்சாறு மணித்தியாலம் ஆகும், வளைவு ரோடு, அதனால நாங்க ஃப்ளைட்டுக்கு மொதநாளே மலையில இருந்து எறங்கி ஏர்போர்ட்டுக்கு பக்கத்துல நீர்கொழும்புல தங்கிட்டோம்.

ஏர்போர்ட்டுல வீல்சேர் வேணும்னா டிக்கெட் போடும்போதே சொல்லிருங்க. பிஸ்னஸ் கிளாஸ் சீட்ட கட்டில் மாதிரி நீட்டுனதும் அம்மா கால நீட்டி நல்லா தூங்கிட்டாங்க, எறங்கும்போது கால் வீக்கமே இல்ல.