தடிச்ச பாரில டெட்லிஃப்ட்: குழாய் எங்க எடுக்கலாம்?

அண்ணாமார், அக்காமார், ஒரு உதவி. வெள்ளவத்தையில இருக்கிறன். சாதாரண பாரில (எடை தூக்கிற இரும்புக் கம்பி) 140 கிலோ டெட்லிஃப்ட், அதாவது நிலத்தில இருந்து தூக்கி நிமிர்றது, செய்வன். அதின்ர தடிப்பு 28, 29 மில்லிமீட்டர்தான், பெருவிரல் மற்ற விரல்களுக்கு மேலால வந்து பூட்டும். போன கிழமை 50 மில்லிமீட்டர் பாரைப் பிடிச்சன். 90 கிலோவிலேயே, முழங்காலைத் தாண்ட முதல், விரல்கள் ஒவ்வொண்டா விரிஞ்சு போச்சு. முதுகும் தொடையின்ர பின்பக்கமும் களைக்கவே இல்லை. தடிச்ச பாரைப் பிடிக்கிற அந்தப் பலம் எனக்குக் கட்டாயம் வேணும், அதால இரும்புக் குழாயில சொந்தமா ஒரு தடிச்ச பார் செய்ய யோசிக்கிறன்.

ஒன்றரை அங்குல இரும்புக் குழாயின்ர வெளிவிட்டம் 48.3 மில்லிமீட்டர், நடுவில பெரிய ஓட்டை இருக்கிற ஒலிம்பிக் எடைத் தட்டு அப்பிடியே ஏறும். கொழும்பு பழைய சோனகத் தெரு இரும்புக் கடைகளில சுவர் தடிச்ச குழாயை 7 அடிக்கு வெட்டித் தருவினமா? 100 கிலோவுக்கு வளையாதா?

பிடி வழுகாமலிருக்க ஒரு கையை மட்டும் உள்ளங்கை முன்னுக்குப் பாக்கத் திருப்பிப் பிடிக்க விருப்பமில்லை, பைசெப்ஸ் கிழியிற பயம். தடிச்ச பாரில கிழமைக்கு எத்தினை நாள் செய்யலாம்? பாரமான செட்டுகளைச் சாதாரண பாரிலயே வைச்சிருக்கவோ? செய்து பாத்தவை சொல்லுங்கோ.