பேட்ச் ஜாபின் (பின்னணியில் தானாக ஓடும் வேலை) பிரயாரிட்டியை 20க்கு ஏற்றினேன், காலையில் டெஸ்பாட்ச் திரை நகரவே மாட்டேன் என்கிறது

ராணிப்பேட்டை நைட் ஷிப்ட்:
சிப்காட் பக்கம் ஒரு லெதர் கம்பெனி, பழைய ஏஎஸ்/400 போய் இப்போது பவர் மெஷினில் ஐபிஎம் ஐ என்கிற ஓஎஸ் ஓடுகிறது. மாதக் கடைசி ஸ்டாக் கணக்கு விடிந்தும் முடியவில்லை என்று மேனேஜர் கத்தினார், சரி என்று அந்த ஜாபின் ரன் பிரயாரிட்டியை (சிபியு யாருக்கு முதலில் என்கிற எண், சின்னதாக இருந்தால் முன்னுரிமை) 50இலிருந்து 20 ஆக்கினேன். இப்போது காலையில் இன்வாய்ஸ் போட உட்காருகிறவர்கள் என்டர் தட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிறார்கள். ஓஎஸ் தானாகவே பிரயாரிட்டியைச் சரிசெய்யும் என்றார்களே? அதற்கான சிஸ்டம் செட்டிங் என்று நினைத்த க்யூபிஎஃப்ஆர்ஏடிஜே (QPFRADJ) 2இல்தான் இருக்கிறது. ராத்திரி முழுக்கப் பார்த்தேன், அந்த 20 அசையவே இல்லை.

காட்பாடிக்காரன்:
அது அசையாதுங்க, திரையில் தெரிவது நீங்கள் கொடுத்த எண், மெஷின் உள்ளே போடும் கணக்கு அங்கே வராது. அப்புறம் க்யூபிஎஃப்ஆர்ஏடிஜே பிரயாரிட்டியைத் தொடுவதே இல்லை, மெமரி பூல் (ஜாப்களுக்குப் பிரித்துவைத்த மெமரி) அளவையும், அதில் ஒரே நேரத்தில் எத்தனை ஓடலாம் என்கிற ஆக்டிவிட்டி லெவலையும்தான் மாற்றும் (பாதிப் பேர் இதில்தான் குழம்புகிறார்கள்). நீங்கள் தேடுவது க்யூடிஒய்என்பிடிஒய்எஸ்சிடி (QDYNPTYSCD) என்கிற செட்டிங். அது முதலிலேயே 1 (ஆன்) என்றுதான் வரும், மாற்றினால் ஐபிஎல் (மெஷினை மறுபடி பூட் செய்வது) போட்டால்தான் எடுக்கும். ஒரு ஜாப் காத்திருக்கக் காத்திருக்க அதை மேலே தூக்கும், சிபியுவைத் தின்னத் தின்ன கீழே இறக்கும், ஆனால் ஒரு எல்லைக்குள்தான். 17 முதல் 22 ஒரு கூட்டம் (20இல் ஓடும் ஸ்கிரீன் ஜாப்கள் இதில்தான்), 47 முதல் 51 இன்னொரு கூட்டம். சின்ன எண்தான் இங்கே பெரிய ஆள். 50இல் இருக்கிற ஜாப் எவ்வளவு தவித்தாலும் 47ஐத் தாண்டி ஸ்கிரீன் ஜாப் கூட்டத்துக்குள் வராது. எங்கள் ஜங்ஷனில் கூட்ஸை லூப் லைனில் நிறுத்தி எக்ஸ்பிரஸை விடுவார்கள், நீங்கள் கூட்ஸை மெயின் லைனிலேயே ஏற்றிவிட்டீர்கள்.

பச்சைத்திரை:
அண்ணன் சொன்னது சரி. ஒன்று விட்டுப்போச்சு, டைம் ஸ்லைஸ், அதாவது ஒரு முறைக்கு ஒரு ஜாபுக்குக் கிடைக்கிற சிபியு நேரம். ஐபிஎம் கொடுக்கிற கிளாஸில் (ஜாப் ஓடுவதற்கான ரெடிமேட் செட்டிங்) இன்டராக்டிவுக்கு, அதாவது ஸ்கிரீன் ஜாபுக்கு, 2000 மில்லிசெகண்ட், பேட்சுக்கு 5000. ரன் பிரயாரிட்டியை மட்டும் மாற்றினால் ஸ்லைஸ் அந்தப் பழைய 5000ஆகவே இருக்கும், அதாவது ஸ்கிரீன்காரர்களோடு ஒரே வரிசையில் நிற்கிறது, இரண்டரை மடங்கு பெரிய தட்டோடு. முதலில் 50க்கே இறக்குங்கள். பிறகு சிஸ்டம் ஸ்டேட்டஸ் திரையில் பேஸ் பூலில் (பொதுவான மெமரி பூல்) பேஜ் ஃபால்ட் (தேவையானது மெமரியில் இல்லாமல் டிஸ்க்கிலிருந்து எடுப்பது) எவ்வளவு என்று பாருங்கள், மெமரி பற்றாமல் டிஸ்க்கையே சுரண்டிக்கொண்டிருக்கிற ஜாபுக்கு 20 கொடுத்தும் பெரிய பலன் இருக்காது.

காட்பாடிக்காரன்:
ஜாப் க்யூ பிரயாரிட்டி என்று 0 முதல் 9 வரை ஒன்று இருக்கும், அதையும் மாற்றிவைக்காதீர்கள். க்யூவில் யார் முதலில் கிளம்புவது என்பதற்கு மட்டும்தான் அது, கிளம்பின பிறகு வேகத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ராணிப்பேட்டை நைட் ஷிப்ட்:
50க்கு இறக்கியாச்சு, இன்று டெஸ்பாட்சில் சத்தமே இல்லை. பேஸ் பூலில் ஃபால்ட் எகிறித்தான் கிடக்கிறது, ஸ்டாக் ஜாபுக்குத் தனியாக ஒரு ஷேர்டு பூல் (ஓஎஸ் தருகிற இன்னொரு வகை மெமரி பூல்) ஒதுக்கிப் பார்க்கிறேன். மேனேஜரிடம் என்ன சொல்வது என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை.