பிளாஸ்ட்டில இருந்து டூமுக்கு இறங்கக்குள்ள மூண்டு பேரும் மூண்டு இடத்தில விழுறம்

கல்லடி_டிரம்ஸ்:
அண்ணாமாருக்கு வணக்கம். மெல்போர்னில இருக்கிற சித்தப்பா ஊருக்கு வந்தப்ப ஒரு பழைய சிடி தந்துட்டுப் போனார். டிஸ்எம்பவல்மென்ட், அந்த ஊர் மெட்டல் பேண்ட். 1993ல ரிலாப்ஸ் எண்ட இசைக் கம்பனி வெளியிட்ட 'டிரான்ஸென்டன்ஸ் இன்டு த பெரிஃபெரல்'. ஏழு பாட்டு, கிட்டத்தட்ட ஒரு மணித்தியாலம். அவங்கட முழு ஆல்பம் எண்டா இது ஒண்டுதான்.

மெட்டல்ல இது டெத்தா, இழுவையான டூமா, வேகமான கிரைண்டா எண்டு எனக்குப் பிரிக்கத் தெரியா. முதல் பாட்டு பிளாஸ்ட் பீட்டோட (டிரம்ஸை விடாம அதிவேகமா அடிக்கிறது) பாய்ஞ்சு வருது, மறுகா பிரேதம் தூக்கிட்டுப் போற மாதிரி நடக்குது. இடைக்கிடை டிஸ்டார்ஷன் (கரகரப்பு) இல்லாத கிட்டார் தூரத்தில இருந்து கேக்குது. ரெண்டு கிழமையா வேற ஒண்டும் கேக்கல்ல.

நாங்க மூண்டு பேர் களுவாஞ்சிகுடியில ஒரு நெல் மில்லுக்குப் பின்னால பழகுறம். இப்படி ஒரு பாட்டு கட்டியிருக்கம். பிளாஸ்ட் நிமிசத்துக்கு 200 எண்ணிக்கையில, இழுவைப் பகுதி 60ல. அந்த மாறுற இடத்தில ஒரு நாளும் ஒண்டாச் சேருறம் இல்ல. கிட்டார்க்காரன் நான் அவசரப்படுறன் எண்டுறான், நான் அவன் பிந்துறான் எண்டுறன். ஒரு மாசமா இதே சண்டை. வழி சொல்லுங்க.

அக்கரைப்பற்று_பேஸ்:
தம்பி, ரெண்டு பேரிலயும் பிழை இல்ல, 60ல தான் பிழை. 200க்கும் 60க்கும் ஒட்டே இல்லையே. 50 வைங்க. 200ஐ நாலாப் பிரிச்சா 50. நீ மனசுக்குள்ள எண்ணுற எண்ணிக்கை மாறாது, ஸ்னேர் டிரம் அடி விழுற இடம்தான் மாறும்.

இன்னொண்டு. அந்த ஆல்பத்தை ஹெட்ஃபோன் போட்டு, டிரம்ஸை மறந்துட்டு கிட்டாரை மட்டும் கேள். பிளாஸ்ட் ஓடுற இடங்களிலயும் மேல கோர்ட் (ஒண்டா ஒலிக்கிற சுரங்கள்) நீண்டு நிக்கும். கிட்டார் ஏற்கனவே இழுவையிலதான் நிக்குது, டிரம்ஸ்தான் அதுக்குக் கீழ ஓடிப் போய்ச் சேருது. உங்கட ஆள் பிளாஸ்ட்டுக்கு மேல என்ன வாசிக்கிறார்? அவரும் சேர்ந்து ஓடினா ரெண்டு பேருக்கும் பிடிக்க ஒண்டும் இருக்காது.

வந்தாறுமூலை_மத்தளம்:
நான் மெட்டல் ஆள் இல்ல, மருமகன் காட்டினதால எழுதுறன். என்ட மாமா வடமோடிக் கூத்துப் பழக்கிற அண்ணாவியார். களரியில, அதான் கூத்து ஆடுற இடத்தில, மத்தளம் ரெண்டாம் காலத்துக்கு ஏறினாலும் சல்லரி (கைத்தாளம்) பிடிக்கிற கை வேகம் மாறாது. ஆட்டக்காரன் அந்தச் சல்லரியைத்தான் நம்பிக் கால் வைப்பான். உங்கட கூட்டத்தில சல்லரி ஆருட்ட இருக்கு மனே? டிரம்ஸ் செட்டில இடது காலில மிதிக்கிற தட்டு இருக்குத்தானே. கை என்ன வேகத்தில போனாலும் அந்தக் காலை 50லயே மிதி. எல்லாரும் அதைக் கேட்டு விழுங்க.

முதல்ல தடியைக் கீழ வச்சிட்டு வாயால சொல்லிப் பழகு. வாயில நிக்காதது கையில நிக்காது எண்டு மாமா அடிக்கடி சொல்லுவார்.

கல்முனை_டூம்:
என்னைக் கேட்டா அது டூம்தான், மற்றதெல்லாம் அதுக்குப் போற வழி. 'எ பரியல் அட் ஓர்னான்ஸ்' பாட்டைக் கேளு. குர்பே எண்ட பிரெஞ்சு ஓவியர் 1850 அளவில வரைஞ்ச ஒரு சாவீட்டுப் படத்தின்ட பெயர் அது. படம் ஆறரை மீட்டருக்கு மேல அகலம், ஊர்ச் சனமெல்லாம் குழியைச் சுத்தி நிக்கும். அதைப் பார்த்துக்கொண்டு ஒரு தரம் கேள்.

கல்லடி_டிரம்ஸ்:
அண்ணா, ஐயா, ரெண்டு பேருக்கும் பெரிய நன்றி. நேற்று 50க்கு மாத்தினம். கிட்டார்க்காரன் பிளாஸ்ட்டுக்கு மேல எட்டு எண்ணிக்கைக்கு ஒரு கோர்ட்தான் பிடிச்சான். நான் இடது காலால ஹைஹாட்டை மிதிச்சன். முதல் பத்துத் தரம் என்ட கால் கையோட சேர்ந்து ஓடப் பாத்துது. ஐயா சொன்ன மாதிரி நெல் மூட்டையில இருந்து வாயால சொல்லிட்டு வந்து அடிச்சன். அடுத்த இருவதில பதினேழு தரம் மூண்டு பேரும் ஒரே இடத்தில விழுந்தம். விழக்குள்ள மில் தகரம் அதிர்ந்துது.

ஐயா, மாமாட களரிக்கு எங்களையும் கூட்டிட்டுப் போவீங்களா? சல்லரிக்குப் பக்கத்தில இருந்து பாக்க வேணும்.