ஒதுக்கிய கடலில் தூண்டில் போட யாருக்கு உரிமை?

தூண்டில்காரன் (இசிபிங்கோ)
2019-இல் நம் தென்னாப்பிரிக்கக் கடலில் ஒரே மூச்சில் 20 பாதுகாப்பு வட்டாரங்களை அறிவித்தார்கள். அதுவரை ஒதுக்கியிருந்தது அரை சதவீதம்கூட இல்லை, இப்போது 5 சதவீதம் தாண்டிவிட்டது என்று பெருமை வேறு. டர்பனுக்குத் தெற்கே உம்கோமாஸ் ஊருக்கு எதிரே இருக்கும் அலிவால் ஷோல் பாறைத்திட்டு 2004-லேயே ஒதுக்கியதுதான், அதையும் அகலமாக்கினார்கள். புதிதாக வடக்கே துகேலா, தெற்கே புரோட்டியா பேங்க்ஸ். கரையில் நின்று தூண்டில் கம்பு போடுகிறவனா கடலைக் காலி பண்ணினான்? கரும்புத் தோட்ட ஒப்பந்தக் கூலி முடிந்த நம் இந்திய ஆட்கள் டர்பன் துறைமுகத்தில் சாலிஸ்பரி தீவில் குடிசை போட்டு வலை வீசினார்கள். கடற்படை வந்ததும் கிளப்பிவிட்டார்கள். நிறவெறிக் காலத்தில் நல்ல கடற்கரையெல்லாம் வெள்ளையருக்கு. இப்போது மீனுக்கு.

அலைமகள் (ஸ்காட்பர்க்)
அண்ணா, கடைசி வரி நன்றாக இருக்கிறது, ஆனால் பாதிதான் உண்மை. அலிவால் முழுவதும் பூட்டிக் கிடக்கவில்லை. மண்டலம் மண்டலமாகப் பிரித்திருக்கிறார்கள். சிலவற்றில் பெர்மிட் இருந்தால் தூண்டில் போடலாம், சிலவற்றில் கை வைக்கக் கூடாது.

கம்பு போடுகிறவன் அப்பாவி என்பதையும் அப்படியே ஏற்க முடியாது. செவன்டி-ஃபோர் மீனை எடுத்துக்கொள்ளுங்கள். நம் கரையிலிருந்து படகில் போய் ஒற்றைத் தூண்டிலில் பிடித்த மீன்தான் அது. இழுவை வலை இல்லை. முட்டையிடக் கூட்டமாகச் சேரும் இடத்தைத் தெரிந்துவைத்துக்கொண்டு வாரினார்கள். 60-களிலேயே சரிந்துவிட்டது, 1998-இல் முழுத் தடை. இன்றைக்கும் தடைதான். தெற்கே போண்டோலாந்தில் 2004-இல் மூடிய பகுதிக்குள்ளும் வெளியேயும் பிடித்துப் பார்த்திருக்கிறார்கள். உள்ளேதான் பாறை மீன்கள் பெரிதாகவும் அதிகமாகவும் இருக்கின்றன.

தூண்டில்காரன்
பாறை மீன் சரி, அது வீட்டைவிட்டு நகராது. ஷாட் மீன்? குளிர்காலத்தில் சாளைக்குப் பின்னாலேயே கேப்பிலிருந்து இங்கே ஏறி வருகிற மீன் அது. அதற்கு உங்கள் கோடு தெரியுமா? ஷாடைக் காப்பது அக்டோபர், நவம்பர் இரண்டு மாதத் தடையும் ஒரு நாளைக்கு 4 மீன் என்ற வரம்பும். அதை நான் மீறியதில்லை. போஸ்ட் ஆபீஸ் வரிசையில் நின்று பெர்மிட் வாங்குகிறவன் நான்.

செல்வி (சாட்ஸ்வொர்த்)
அந்த 4 மீனில் இரண்டைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டு வருகிறவர் எங்கள் வீட்டிலும் ஒருவர் இருக்கிறார். புளி கரைத்து வைத்துக் காத்திருப்பது நான் :)

வாத்தியார்_ஸ்டேங்கர்
இரண்டு பேரும் கடலிலேயே நிற்கிறீர்கள். கொஞ்சம் ஆற்றுப் பக்கம் வாருங்கள். வடக்கே செயின்ட் லூசியா ஏரி 1895-லேயே ஒதுக்கிய இடம், 1999-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் ஏறியது. ஆனால் 50-களின் தொடக்கத்தில், கரும்பு வயல்களைக் கடந்து வரும் உம்ஃபொலோசி ஆற்றின் வண்டல் ஏரியில் சேருகிறதென்று அந்த ஆற்றைத் தனியாகக் கடலுக்குத் திருப்பிவிட்டார்கள். நன்னீர் குறைந்தது. 2002-க்குப் பிறகு முகத்துவாரம் பல ஆண்டுகள் பெரும்பாலும் மண்மூடியே கிடந்தது. இறால் குஞ்சு வளர்கிற தொட்டில் அது. துகேலா கடற்பரப்பில் இறால் பிடித்துவந்த இழுவைப் படகுகள் தொழிலில் படுத்துவிட்டன. 2021 ஜனவரியில் இயந்திரம் வைத்து வாயை வெட்டித் திறந்தபோது அதுவும் பெரிய சண்டையாகிவிட்டது. வேலி போட்டு பலகை நட்டால் மட்டும் போதாது என்பதற்காகச் சொல்கிறேன். கரும்பைப் பற்றி நாம் பேசும்போது கொஞ்சம் சங்கடம்தான், அதை வெட்டியதே நம் பாட்டன்மார்தானே.

அலைமகள்
ஐயா சொல்வது என் பக்கத்துக்குத்தான் வலு. ஒதுக்கியது போதவில்லை என்றால் இன்னும் கவனமாக ஒதுக்க வேண்டும், திறந்துவிடக் கூடாது. 2016-இல் தென்கரையில் சிட்சிகாமா கடல் காப்பகத்தில் கரையின் ஒரு பகுதியை உள்ளூர்க்காரர்களுக்குத் தூண்டில் போடத் திறந்தார்கள். 1964-லிருந்து காத்துவந்த இடம். எனக்கு அது இன்னும் வயிற்றெரிச்சல்.

தூண்டில்காரன்
அந்த ஊர்க்காரர்கள் அங்கே எத்தனை தலைமுறை என்று கேட்டீர்களா? கிழக்குக் கரையில் துவெசா-செபே காப்பகத்தில் 2010-இல் பாதுகாக்கப்பட்ட கடலில் மீன் பிடிக்கப் போனார்கள் என்று மூன்று பேரைப் பிடித்தார்கள். 2018-இல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. வழக்கமாக மீன் பிடித்துவந்த உரிமை, கோடு போட்டதால் அழிந்துவிடாது என்றது. 2021 டிசம்பரில் அதே வைல்ட் கோஸ்ட் கரையில் ஷெல் எண்ணெய் நிறுவனத்தின் நில அதிர்வு ஆய்வைக் கோர்ட்டில் நிறுத்தியவர்களும் அதே மாதிரிக் கரை ஊர்க்காரர்கள்தான். காவல்காரனை விரட்டிவிட்டுத் தோட்டத்தைக் காப்பதா?

அலைமகள்
நல்ல வாதம்தான். ஆனால் துவெசா தீர்ப்பு கோசா மக்களின் வழக்கச் சட்டத்தை வைத்து வந்தது. ஞாயிற்றுக்கிழமை காரில் கம்பைக் கட்டிக்கொண்டு வருகிற நமக்கு அது எந்த வகையில் பொருந்தும்?

தூண்டில்காரன்
அதை வழக்கறிஞர் சொல்லட்டும். ஆனால் சாலிஸ்பரி தீவில் கிளப்பப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு எந்தச் சட்டம் பொருந்தும் என்று யாரும் யோசித்ததுகூட இல்லை. எனக்கு அலிவால் முழுவதும் வேண்டாம், தங்கச்சி. கரையில் எங்கே நிற்கலாம் என்பதை மண்டலம் பிரிக்கிறபோது எங்களையும் உட்கார வைத்துக் கேட்டிருக்கலாம்.

அலைமகள்
அதற்கு மட்டும் நான் எதிர்ப்பு சொல்லமாட்டேன். சிட்சிகாமா விஷயத்தில் மாறவும் மாட்டேன்.